வெயில் ஊர்ல பார்க்கூர், ஃப்ரீ ரன்னிங், ரோடு சைக்கிள்: சென்னையில ஆரம்பிக்கிறவங்களுக்கு

சைக்கிள் ஓட்டுறப்ப சூடு தெரியாது, நிறுத்துறப்பதான் தெரியும். பார்க்கூர்ல, அதாவது சுவர், படி, கம்பின்னு வழியில இருக்குற தடையைத் தாண்டிப் போறதுல, நேர் எதிர், நாலு தாவு தாவுனாலே சட்டை பிழியுற மாதிரி ஆயிடும். இந்த ஒரு வித்தியாசம் புரியாமதான் நான் மொத வருசம் ஃபுல்லா அடி வாங்கினேன், சைக்கிள்ல "எனக்கு வேர்க்கவே இல்ல, நான் செட் ஆயிட்டேன்"னு நெனச்சேன், பீச்ல பார்க்கூர் பண்ணும்போது "எனக்கு ஸ்டாமினாவே இல்ல"ன்னு நெனச்சேன், ரெண்டுமே தப்பு.

வேர்வை வெளிய வர்றதால உடம்பு குளிராது, அது காத்துல காயணும், அப்பதான் குளிரும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப நாமளே ஒரு டேபிள் ஃபேன் போட்டுக்கிட்டுப் போற மாதிரி, வர்ற வேர்வை வந்த வேகத்துலயே காஞ்சுடுது, கை காஞ்சிருக்கு, அதனால தண்ணி போகலைன்னு தோணும். ஈசிஆர்ல, அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில, உத்தண்டி டோல்கிட்ட நிறுத்திப் பாருங்க, ரெண்டு நிமிசத்துல நெத்தியில இருந்து கொட்டும். சுவர் தாண்டிக்கிட்டு ஒரே எடத்துல நிக்கிறவனுக்கு அந்தக் காத்து கிடையாது, அதுவும் சென்னை மாதிரி கடலோர ஊர்ல காத்துலயே ஈரம் நிக்குது, வேர்வை காய எடமே இல்ல. மதுரை, திருச்சிப் பக்கம் வெயில் இன்னும் காட்டமா இருக்கும், ஆனா காத்து கொஞ்சம் வறண்டிருக்கும். இங்க நம்ம பிரச்சனை வெயிலை விட புழுக்கம்.

எப்பப் போறது

எல்லாரும் காலைல போங்கன்னு சொல்லுவாங்க, சரிதான், ஆனா முழுசா சரி இல்ல. மே மாசம் விடியக்காலைல 28, 29 டிகிரிதான் இருக்கும், ஆனா ஈரப்பதம் அந்த நேரத்துலதான் அதிகம். வெயில் இல்லையேன்னு ஏமாந்துடாதீங்க. சைக்கிளுக்கு காலைதான், அதுல பேச்சே இல்ல, அஞ்சு மணிக்குக் கிளம்பி ஏழரைக்குள்ள வீட்டுக்கு வந்துடணும், எட்டு மணிக்கு மேல ரோட்டுல இருந்தா தலைக்கு மேல இருந்து ஒரு சூடு, தார்ல இருந்து ஒரு சூடு.

பார்க்கூருக்கு நான் சாயங்காலம்தான் போவேன், கடல் காத்து நல்லா வீச ஆரம்பிச்சப்புறம், அஞ்சரை ஆறு மணி வாக்குல. ஆனா இதுல ஒரு சிக்கல், மேற்கு பாத்த சுவர் மத்தியானம் ஃபுல்லா வெயில் குடிச்சிட்டு ஆறு மணிக்கும் தோசைக்கல்லு மாதிரி இருக்கும். இரும்புக் கம்பி சொல்லவே வேணாம். புறங்கையை சுவர்ல வச்சு அஞ்சு செகண்ட் எண்ணுங்க, வச்சிருக்க முடியலன்னா அந்தச் சுவர் இன்னைக்கு வேணாம், கிழக்கு பாத்த சுவரைத் தேடுங்க. கை சுட்டா அனிச்சையா எடுத்துடுவோம், பாதித் தாவல்ல கையை எடுத்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

கத்திரி நேரத்துல, அதாவது மே 4ல இருந்து 28 வரைக்கும், புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க. ஏற்கனவே பண்றவங்க அளவைக் குறைச்சுப் பண்ணலாம். ஆரம்பிக்க நல்ல நேரம் டிசம்பர் கடைசி, ஜனவரி. மழை முடிஞ்சிருக்கும், ரோடு மட்டும் குழி குழியா இருக்கும், பாத்துப் போகணும்.

உடம்பைப் பழக்குறது

வெயிலுக்கு உடம்பு பழகும், இது மனசுக்குத் தோணுற விஷயம் இல்ல, நெசமாவே மாறும். தினமும் கொஞ்ச கொஞ்ச நேரம் சூட்டுல வேலை செஞ்சா 10ல இருந்து 14 நாள்ல ரத்தத்துல நீர் அளவு கூடும், வேர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், அந்த வேர்வைல உப்பு குறையும், இதயத்துடிப்பு அதே வேலைக்குக் கம்மியா இருக்கும். அதனால மொத ரெண்டு வாரம் நீங்க பண்ண முடியும்னு நெனைக்கிறதுல பாதி மட்டும் பண்ணுங்க. சைக்கிள்னா 40 நிமிசம், மூச்சு வாங்காம பேசிக்கிட்டே ஓட்டுற வேகம். பார்க்கூர்னா அரை மணி நேரம், அதுல பத்து நிமிசம் நிழல்ல.

ஏசி ரூம்ல தூங்கி, ஏசி கார்ல போய், ஏசி ஆபீஸ்ல உக்காந்துட்டு, ஞாயித்துக்கிழமை மட்டும் ஹீரோ ஆனா உடம்பு எப்படிப் பழகும்? வாரத்துக்கு ஒரு நாள் மூணு மணி நேரம் போறதை விட நாலு நாள் முக்கா மணி நேரம் மேல். மூணு வாரம் விட்டீங்கன்னா பழகுனதுல பெரும்பகுதி போயிடும், ஊருக்குப் போய்ட்டு வந்து பழைய வேகத்துல கிளம்பிடாதீங்க.

ஜுரம் வந்து எழுந்தவங்க, வயித்தால போனவங்க, முந்தின நாள் ராத்திரி தூங்காதவங்க, தண்ணி போட்டவங்க, அன்னைக்கு லீவு. சளிக்கு மாத்திரை, பிரஷருக்கு நீர் பிரியற மாத்திரை எடுக்குறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க, சில மாத்திரை வேர்வையைக் குறைக்கும், சிலது தண்ணியை வெளிய தள்ளும்.

தண்ணியும் உப்பும்

"எவ்ளோ குடிக்கணும்"னு எல்லாரும் கேக்குறாங்க, அதை இன்னொருத்தர் சொல்ல முடியாது, வீட்டுல எடை மிஷின் இருந்தா நீங்களே கண்டுபிடிக்கலாம். கிளம்புறதுக்கு முன்னாடி எடை பாருங்க, 68 கிலோன்னு வைங்க. ஒன்றரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து துடைச்சுட்டுப் பாத்தா 67.1. நடுவுல 750 மில்லி குடிச்சீங்க. அப்போ போனது 900 மில்லி, கூட அந்த 750, மொத்தம் 1650 மில்லி, மணிக்கு 1100. இதுதான் உங்க கணக்கு. போனது அத்தனையும் ஓட்டும்போதே குடிக்கணும்னு இல்ல, உடம்பு எடைல 2 சதவீதத்துக்கு மேல குறையாம பாத்துக்கிட்டா போதும், 68 கிலோ ஆளுக்கு அது ஒரு கிலோ முன்னூறு கிராம் சொச்சம். எடை ஏறியிருந்தா அதுவும் தப்பு, வெறும் தண்ணியை லிட்டர் லிட்டரா ஊத்துனா ரத்தத்துல உப்பு நீர்த்துப் போய் தலைவலி, வாந்தி, ரொம்ப மோசமானா வலிப்பு வரைக்கும் போகும்.

ஒரு மணி நேரத்துக்குள்ளன்னா வெறும் தண்ணியே போதும், பந்தா பண்ணாதீங்க. அதுக்கு மேலன்னா உப்பு வேணும். மெடிக்கல்ல ஓஆர்எஸ் வாங்குறப்ப உலக சுகாதார நிறுவனத்தோட அளவுன்னு போட்டிருக்கான்னு பாருங்க, பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. வீட்டுலயே பண்ணணும்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எலுமிச்சை பிழிஞ்சா குடிக்கிற மாதிரி இருக்கும். இளநீர் பத்தி ஒரு உண்மை, அதுல பொட்டாசியம் நெறைய, ஆனா வேர்வைல போறது முக்கியமா சோடியம், அது இளநீர்ல கம்மி. அதனால இளநீர் குடிங்க, கூட உப்புக்கடலை ஒரு கை அள்ளிக்கோங்க. எனக்கு எல்லாத்தையும் விட உப்பு போட்ட மோர்தான், வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய சொம்பு, அதுவும் பழைய சோத்தோடன்னா கேக்கவே வேணாம்.

வழியில சாப்பிட ஜெல் பாக்கெட் எல்லாம் வாங்காதீங்க, கடலை மிட்டாய் ஜெர்சி பாக்கெட்ல ரெண்டு போட்டுக்கோங்க, வெயில்ல சாக்லேட் மாதிரி உருகாது. வாழைப்பழம் நல்லதுதான் ஆனா முதுகுப் பாக்கெட்ல வச்சா அரை மணி நேரத்துல பஞ்சாமிர்தம்.

பார்க்கூர்

பார்க்கூர் பிரான்ஸ்ல பாரிஸ் பக்கத்துல லிஸ்ங்கிற ஊர்ல டேவிட் பெல்லும் அவர் கூட்டாளிங்களும் வளர்த்தது, ஆனா அவருக்கு அதைச் சொல்லிக் குடுத்த அப்பா ரேமோன் பெல் வியட்நாம்ல பொறந்து அங்க ராணுவப் பள்ளியில தடைகளைத் தாண்டிப் பழகி வளர்ந்தவர், அப்புறம்தான் பாரிஸ் தீயணைப்புப் படை. சூடான ஊர்ல இதெல்லாம் ஆகாதுன்னு சொல்றவங்ககிட்ட நான் இதைத்தான் சொல்லுவேன்.

மொத மாசம் மொட்டை மாடி பக்கமே போகாதீங்க. இறங்குறதைக் கத்துக்கோங்க. படிக்கட்டோட கடைசிப் படி, அவ்ளோதான் உயரம், அதுல இருந்து குதிச்சு முன்பாதத்துல இறங்கணும், முட்டி மடங்கணும் ஆனா தொண்ணூறு டிகிரிக்குக் கீழ உக்காந்துடக் கூடாது, சத்தம் வரக்கூடாது. சத்தம்தான் உங்க கோச். தொப்புன்னு கேட்டா முட்டி வாங்குது, மெதுவா கேட்டா தொடை வாங்குது. பத்து தடவை சத்தமில்லாம இறங்குனா ரெண்டாவது படிக்குப் போங்க. அப்புறம் தரையில சாக்பீஸ்ல ரெண்டு கோடு போட்டு ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு, கோட்டு மேலேயே நிக்கணும், ஆடக்கூடாது. பாக்குறவங்களுக்கு பாண்டி ஆடுற மாதிரி இருக்கும், பரவால்ல.

அடுத்தது உருளல். குட்டிக்கரணம் இல்ல இது, தலை தரையில படவே கூடாது, ஒரு தோள்பட்டைல ஆரம்பிச்சு முதுகுல குறுக்கா போய் எதிர்ப்பக்க இடுப்புல முடியணும். நடு முதுகெலும்பு மேல போனா தப்பு, வலியே சொல்லிடும். புல்லு, அப்புறம் ஈர மணல், அப்புறம்தான் சிமெண்ட். மணல்ல மட்டுமே பழகுனவங்க சிமெண்ட்ல இறங்குனா முட்டி போயிடும், மணல் தப்பையெல்லாம் மன்னிச்சுடுது. பெசன்ட் நகர் பீச்ல பழகுன எல்லாரும் ஒரு தடவையாவது இதுல மாட்டியிருப்போம்.

சுவர் தாண்டுறதுக்கு இடுப்பு உயரத்துல ஒரு கட்டைச் சுவர் போதும். ஒரு கை, எதிர்க் கால் சுவர் மேல வச்சு, இன்னொரு காலை நடுவுல விட்டுத் தாண்டுறது, இதை சேஃப்டி வால்ட்னு சொல்லுவாங்க. இது ரெண்டு பக்கமும் வந்தப்புறம் ஸ்பீட் வால்ட், அதாவது கால் சுவர்ல படாம ஒரு கையை மட்டும் ஊன்றி ஓட்டத்துலயே தாண்டுறது. ரெண்டு கையையும் ஊன்றி குரங்கு மாதிரி நடுவுல கால் விடுற காங் வால்ட்டை ஆறு மாசம் தள்ளிப் போடுங்க, முன்னங்கால் எலும்பு சுவர்ல இடிச்சா கண்ணுல தண்ணி வந்துடும்.

நம்ம ஊர்ச் சுவருக்குன்னு சில விஷயம் இருக்கு, அது யூடியூப் வெள்ளைக்காரங்க சொல்ல மாட்டாங்க. காம்பவுண்ட் சுவர் மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிருப்பாங்க, கீழ இருந்து தெரியாது. கைப்பிடிச் சுவர் பூச்சு கையோட பேத்துக்கிட்டு வரும், ஏறுறதுக்கு முன்னாடி தட்டிப் பாருங்க, டொக்குன்னு உள்ள காலியா சத்தம் கேட்டா வேணாம். கடலோரக் கம்பி வெளிய பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருக்கும், உள்ள துரு தின்னுட்டிருக்கும். மழைக்கு அப்புறம் பாசி. மார்கழி காலைல பனி ஈரம். அப்புறம் கை வேர்வை, இதுக்கு ஜிம்ல தேய்க்கிற சாக் பவுடர் கொஞ்சம் வச்சுக்கோங்க, பாண்ட்ஸ் பவுடர் போடாதீங்க, வழுக்கும், நான் போட்டுப் பாத்துட்டேன்.

வாட்ச்மேன் அண்ணன்கிட்ட சண்டை போடாதீங்க. "என்னப்பா சுவர் ஏறுற"ன்னு கேட்டா எறங்கி வந்து வணக்கம் சொல்லி விளக்கிட்டு, வேணாம்னா கிளம்பிடுங்க. இருட்டுனதுக்கு அப்புறம் யார் வீட்டுச் சுவர்லயும் ஏறாதீங்க, திருடன்னு நெனச்சு ஊரே கூடிடும், அப்ப "அங்கிள் இது பிரெஞ்சு கலை"ன்னு சொன்னா யார் கேப்பா.

ஃப்ரீ ரன்னிங்

பார்க்கூர்ல ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு வேகமா போகணும், ஃப்ரீ ரன்னிங்ல போற வழியில பல்டி, ட்விஸ்ட் எல்லாம் சேரும். இந்த ஆங்கிலப் பேர் 2003 வாக்குல வந்தது, டேவிட் பெல்லோட கூட்டாளி செபாஸ்டியன் ஃபூக்கானோட சேர்ந்து பிரபலமாச்சு. பல்டியை யூடியூப் பாத்துக் கத்துக்காதீங்கன்னுதான் சொல்லுவேன். ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித் தர்ற எடத்துல மெத்தையும் பிடிச்சுக்க ஒரு ஆளும் வச்சுக் கத்துக்கிட்டு அப்புறம் பீச்சுக்கு வாங்க. பீச்லயும் அலை வந்து போற ஈர மணல் இறுகிக் கிடக்கும், அதுல எகிறி, கொஞ்சம் மேல இருக்குற மெத்து மணல்ல இறங்குற மாதிரி நின்னுக்கோங்க. இறங்குற எடத்தைக் கையால கிளறிப் பாருங்க, பாட்டில் கண்ணாடி, மீன் முள்ளு எல்லாம் கிடக்கும். களைச்சப்புறம் பல்டி வேணவே வேணாம், சூட்டுல கை கால் சொன்னதைக் கேக்குறதுக்கு அரை செகண்ட் லேட் ஆகும். அதனால கஷ்டமானதை மொத கால் மணி நேரத்துல முடிச்சுட்டு, கடைசியில தவழ்றது, புஷ்அப், கம்பியில தொங்குறது.

ரோடு சைக்கிள்

விலை ஜாஸ்தி சைக்கிள் வேணாம், நல்ல செகண்ட் ஹேண்ட் போதும், சைஸ் மட்டும் சரியா இருக்கணும். சீட் உயரத்துக்குச் சுலபமான வழி, பெடல் கீழ இருக்கும்போது குதிகாலை வச்சா கால் நேரா நிக்கணும். ரொம்பப் பேர் சீட்டைக் கீழ வச்சு ஓட்டிட்டு முட்டி வலிக்குதுங்கிறாங்க. கியரை லேசா வச்சு நிமிசத்துக்கு 80, 90 சுத்து சுத்துங்க, கஷ்டமான கியர்ல இறுக்கி மிதிச்சா முட்டிக்குப் பாரம் கூடும்.

டயர் வெயில்ல வெடிக்கும்னு பயந்து காத்தே அடிக்காம ஓட்டுறவங்க இருக்காங்க. பத்து டிகிரி சூடு ஏறுனா அழுத்தம் ஏறுறது ரெண்டு மூணு பிஎஸ்ஐதான். 28 எம்எம் டயர்ல 70 கிலோ ஆளுக்கு 70, 75 பிஎஸ்ஐ தாராளம். டயர் ஓரத்துல போட்டிருக்குற உச்ச அளவுக்கு அடிச்சுட்டு மத்தியான வெயில்ல காருக்குள்ள வச்சுட்டுப் போகாதீங்க, அவ்ளோதான்.

வழி ஈசிஆர்தான், வேற எங்க போக. திருவான்மியூர்ல ஆரம்பிச்சு முட்டுக்காடு போய்த் திரும்புனா சுமார் 40 கிலோமீட்டர், மூணு மாசம் ஓட்டுனவங்களுக்கு அது சரியான இலக்கு. மகாபலிபுரம் போய்ட்டு வந்தா அதுக்கு டபுளுக்கும் மேல. காத்தைப் பாத்துப் போங்க, டிசம்பர் ஜனவரியில வாடைக்காத்து வடகிழக்குல இருந்து அடிக்கும், தெற்க போகும்போது "நான் எவ்ளோ ஸ்பீடு"ன்னு மெதப்பா இருக்கும், திரும்பும்போது அதே காத்து எதிர்ல நின்னு பாடம் நடத்தும், கானத்தூர் வர்றதுக்குள்ளயே தெம்பு முடிஞ்சிடும். தெம்பு பாதியா குறையிற வரைக்கும் காத்திருக்காதீங்க, பாதிக்கு மேல இருக்கும்போதே திரும்புங்க.

ரோட்டோட இடது ஓரம் ஒட்டி ஓட்டாதீங்க, அங்க கடல் மணல் சேர்ந்திருக்கும், வளைவுல டயர் சறுக்கும், ஓரத்துல இருந்து ரெண்டு மூணு அடி உள்ள வாங்க. பின்னாடி செவப்பு லைட் பகல்லயும் எரியட்டும். ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ராத்திரி பார்ட்டி முடிச்சுத் திரும்புற காரும், ரேஸ் விடுற பைக்கும்தான் வெயிலை விடப் பயம் எனக்கு, அதனால நான் சனிக்கிழமை ஓட்டுவேன். ராங் சைடுல வர்ற வண்டி எப்பவும் இருக்கும்னே நெனச்சுக்கோங்க. நாய் துரத்துனா மிதிச்சுத் தப்பிக்கலாம்னு பாக்காதீங்க, எறங்கி சைக்கிளை நடுவுல வச்சுக்கிட்டு நடங்க, பெரும்பாலும் போயிடும். கடிச்சுட்டா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு அன்னைக்கே ஊசி போட்டுக்கோங்க.

உடுப்பு, பருத்தி டீசர்ட் நனைஞ்சா காயாது, ஒட்டிக்கிட்டு கெடக்கும், பாலியஸ்டர் ஜெர்சி மேல். பேடு வச்ச ஷார்ட்ஸுக்குள்ள ஜட்டி போடக்கூடாது, இதை யாரும் எனக்குச் சொல்லல, தொடை இடுக்குல உராஞ்சு ரெண்டு நாள் வாத்து மாதிரி நடந்தேன். தேங்காய் எண்ணெய் இல்ல வாசலின் தடவிக்கோங்க.

இது வந்தா நிறுத்திடணும்

போன வருசத்துக்கு முந்தின வருசம் மே மாசம், லேட்டா கிளம்பிட்டு கோவளம் தாண்டிப் போயிட்டிருக்கேன், அந்த வெயில்ல எனக்கு புல்லரிச்சுது. குளிருது. ஜாலியா இருக்கேன்னு நெனச்சு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினேன், அப்புறம் தலை கிறுகிறுன்னு வந்து ஒரு பஸ் ஸ்டாப் நிழல்ல படுத்துட்டேன், பக்கத்து டீக்கடை அண்ணன் ஒரு குடம் தண்ணியை கேக்காமலே தலையில ஊத்தினார். அதுதான் சரியான வைத்தியம்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. சூட்டுல புல்லரிக்கிறது, தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிக்கிறது, இதுல எது வந்தாலும் நிழல்ல உக்காருங்க, ஷூ, ஹெல்மெட் கழட்டுங்க, உப்புத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா.

கூட வர்ற ஆள் சம்பந்தமில்லாம உளறுனாலோ, தள்ளாடுனாலோ, பேர் கேட்டா முழிச்சாலோ அது வேற லெவல், ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம், உடம்பு உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வேர்வை வந்துட்டு இருந்தாலும் ஹீட் ஸ்ட்ரோக் இருக்கலாம், "வேர்க்குதே, ஒண்ணும் இல்ல"ன்னு விட்டுடாதீங்க. ஒரு ஆள் 108க்கு போன் பண்ணட்டும், இன்னொரு ஆள் கிடைக்கிற தண்ணியை எல்லாம் உடம்பு முழுக்க ஊத்தி விசிறட்டும். ஆம்புலன்ஸ் வரட்டும்னு காத்திருக்காதீங்க, குளிர வைக்கிறதுதான் மொத வேலை. நினைவு சரியில்லாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க.

ரெண்டையும் சேர்த்துப் பண்றது

ஒரே நாள்ல நீளமான சைக்கிளும் கஷ்டமான பார்க்கூரும் வேணாம். சைக்கிள் தொடையைக் களைக்க வச்சுடும், களைச்ச தொடையோட குதிச்சா மொத்த அடியும் முட்டிக்கு. நான் பண்றது, செவ்வாய், சனி சைக்கிள், வியாழன், ஞாயிறு சாயங்காலம் பார்க்கூர், பார்க்கூர் எடத்துக்கு சைக்கிள்லயே மெதுவா போயிடுவேன், வார்ம் அப் ஆச்சு. சைக்கிள்ல குனிஞ்சே இருந்து இடுப்பு முன்பக்கம் இறுகிடும், அதை நீட்டிவிட்டுட்டுத்தான் தாவணும்.

கடைசியா சைக்கிளைக் கவனிக்கிறது. கடல் காத்து உப்பு, நம்ம வேர்வையும் உப்பு, ரெண்டும் சேர்ந்தா செயின் ஒரே வாரத்துல செவந்துடும். வந்ததும் நல்ல தண்ணியில ஒரு மக்கு ஊத்தித் துடைச்சு, காஞ்சப்புறம் செயினுக்கு எண்ணெய் விட்டு, மேல இருக்கிறதைத் துணியால துடைச்சுடுங்க, இல்லன்னா மணல் ஒட்டும். ஷூவுக்குள்ள தினத்தந்தியைக் கசக்கித் திணிச்சு வச்சா சாயங்காலத்துக்குள்ள காஞ்சுடும். ஹேண்டில்பார் டேப்பை மட்டும் யாரும் பாக்குறதில்ல, வேர்வை அதுக்குள்ள இறங்கி அலுமினியத்தை அரிக்கும், வருசத்துக்கு ஒரு தடவை உரிச்சுப் பாருங்க, வெள்ளை வெள்ளையா மாவு மாதிரி இருந்தா சுரண்டிப் பாருங்க, குழி விழுந்திருந்தா அந்த பாரை மாத்திட்டு அடுத்த தடவை வெளிய எடுங்க.